சட்டை சூப்பர், முதுகுல ஒரு நம்பர் தப்பு - 3 ஸ்டார்

மொதல்லயே சொல்லிடறேன், துணிய மட்டும் பாத்து மார்க் போடச் சொன்னா 5க்கு 5 குடுத்திருப்பேன். ரெண்டு ஸ்டார் கொறச்சது ஒரே ஒரு சைபருக்காக.

வாங்கினது என்னன்னா, அமெரிக்கால வர்ஜீனியா யுனிவர்சிட்டி பாஸ்கெட்பால் டீம் 2019ல காலேஜ் டோர்னமென்ட்ல சாம்பியன் ஆனாங்கல்ல, அந்த சீசன் டி-ஷர்ட். நேவி ப்ளூ துணில ஆரஞ்சு பிரிண்ட், முன்னாடி பெருசா சாம்பியன்ஸ் 2019, பின்னாடி முதுகு பூரா அந்த டோர்னமென்ட்ல ஆடின ஆறு மேட்ச் ஸ்கோரும் வரிசையா. ஜெயிச்ச வருஷமே ஒன்னு வாங்கி வருஷக்கணக்கா போட்டுட்டு இருந்தேன், அது வெளுத்துப்போயி கழுத்து தொங்க ஆரம்பிச்சதும் வீட்டம்மா ஒரு வார்த்த கேக்காம கிழிச்சு கரித்துணி ஆக்கிட்டாங்க. அடுப்பு மேடை தொடச்சிட்டு இருக்கும்போது ஓரத்துல 'பர்டூ 80-75'னு தெரியுது, அப்பத்தான் எனக்கே விஷயம் தெரியும். சண்ட போட்டு என்ன ஆகப்போகுது. இத்தன வருஷம் கழிச்சு அந்த சட்டை எங்கயும் கெடைக்கல, தேடித் தேடி கடைசில ஒரு சின்ன ஆன்லைன் கடைல புடிச்சேன், கடை பேரு வேணாம், 32 டாலர், ஷிப்பிங் தனி.

எனக்கு திருப்பூர், மாமா பிரிண்டிங் யூனிட்ல இருந்தவரு, அதனால துணி கைக்கு வந்தா மொதல்ல பனியன்காரன் புத்தி தான் வேல செய்யும். நல்ல காட்டன், கையில எடுத்தா கனமா இருக்கு, வெளிச்சத்துல புடிச்சா உள்ள தெரியல. கழுத்து ரிப் இழுத்து விட்டா அதே எடத்துக்கு வந்து உக்காருது. தோள்பட்டைல டேப் வச்சு தச்சிருக்கான், உள்பக்கம் திருப்பிப் பாத்தாலும் ஓவர்லாக்ல பிசிறு இல்ல. பிரிண்ட் ஸ்டிக்கர் ஒட்டின மாதிரி இல்லாம ஒழுங்கா ஸ்கிரீன்ல அடிச்சது, இழுத்துப் பாத்தேன் விரிசல் விடல. ஆறு தடவ மெஷின்ல போட்டாச்சு, சாயம் போகல. லேபிள்ல ஹோண்டுராஸ்னு போட்டிருந்தது, நம்ம ஊரு இல்லன்னு ஒரு சின்ன ஏமாத்தம், அவ்ளோதான். சைஸ் கொஞ்சம் லூசா வருது, எக்ஸெல் போடறவங்க எல் எடுத்தா போதும்.

இப்ப முதுகுக்கு வருவோம். பார்சல பிரிச்ச உடனே திருப்பிப் படிச்சேன். கார்ட்னர்-வெப் 71-56, சரி. ஓக்லஹோமா 63-51, சரி. ஓரிகன் 53-49, சரி. பர்டூ 80-75, சரி. ஆபர்ன் 63-60. கண்ணாடிய எடுத்து மாட்டிட்டு மறுபடி பாத்தேன். 60 தான்.

அந்த மேட்ச் 63-62ங்க. ரெண்டு பாயின்ட் தானே இதுக்குப்போய் இவ்ளோ பேச்சான்னு கேக்கறவங்களுக்காகத்தான் மீதி கத.

2018ல இந்த டீம் நம்பர் ஒன் சீடா (சீடுன்னா டோர்னமென்ட்ல டீமுக்கு குடுக்கற தரவரிசை, 1 தான் பலமானது, 16 கடைசி) போயி மொத ரவுண்ட்லயே யுஎம்பிசின்னு 16வது சீட் டீம் கிட்ட 74-54னு தோத்துச்சு. அதுக்கு முன்னாடி ஆம்பளைங்க டோர்னமென்ட்ல 1ம் சீடும் 16ம் சீடும் மோதினது 135 மேட்ச், 135லயும் 1ம் சீடு தான் ஜெயிச்சிருக்கு. அப்படி ஒரு கேவலத்துல மாட்டின மொத டீம் இவங்க. நம்ம டீம் பையன் டிஆண்ட்ரே ஹண்டர் மணிக்கட்டு ஒடஞ்சு அந்த மேட்ச் ஆடல, ஆனா அதச் சொன்னா யாரு கேப்பா, நாடே சிரிச்சது. அடுத்த வருஷம் அதே கோச் டோனி பென்னட், கிட்டத்தட்ட அதே பசங்க, மறுபடி 1ம் சீடு, மொத ரவுண்ட்ல கார்ட்னர்-வெப் கூட ஆடும்போது ஒரு கட்டத்துல 14 பாயின்ட் பின்னாடி இருந்தாங்க. சட்டைல 71-56னு பாக்க சுளுவா ஜெயிச்ச மாதிரி இருக்கும், ஹாஃப் டைம்ல ஸ்கோர் 36-30, நம்ம பக்கம் தான் 30. அன்னிக்கு நான் டிவிய ஆஃப் பண்ணிட்டு அஞ்சு நிமிஷம் சும்மா உக்காந்திருந்தேன்.

ஓரிகன் ஸ்கோர பாத்துட்டு ஒருத்தன் இது என்ன ஹாஃப் டைம் ஸ்கோரான்னு கேட்டான். இல்லப்பா, முழு மேட்ச்சே அவ்ளோதான். அப்ப இவங்க ஆட்டமே அப்படி, பேக் லைன்னு ஒரு டிஃபென்ஸ், பென்னட்டோட அப்பா டிக் பென்னட் கொண்டு வந்தது. பந்து வச்சிருக்கறவன ஒருத்தன் நெருக்குவான், மத்த நாலு பேரும் கூடைக்குப் பக்கத்துல ஒரு கற்பனைக் கோட்டுக்குள்ளயே நின்னு வழிய அடச்சிருவாங்க. உள்ள வர முடியாம தூரத்துல இருந்து எறிஞ்சிட்டுப் போக வேண்டியது தான். நம்ம பக்கம் பந்து வந்தாலும் ஷாட் கிளாக்ல, அதாவது எறியறதுக்கு குடுக்கற டைம்ல, 30 செகண்டையும் மென்னு துப்பிட்டுத்தான் போடுவாங்க. பாக்கறவங்களுக்கு தூக்கம் வரும்னு கிண்டல் பண்ணுவாங்க, வரும் தான், இல்லன்னு சொல்ல மாட்டேன்.

பர்டூ மேட்ச் பத்தி தனியாவே ஒரு சட்டை அடிக்கலாம். பர்டூல கார்சன் எட்வர்ட்ஸ்னு ஒரு பையன் ஒத்த ஆளா 42 பாயின்ட். கடைசி சில செகண்ட்ல நம்ம டை ஜெரோம் ஃப்ரீ த்ரோ (ஃபவுலுக்காக யாரும் தடுக்காம எறிய விடற ஷாட்) மிஸ் ஆயி, நம்ம டியாகிட்டே தட்டி விட்ட பந்து நம்ம பாதிக்கே உருண்டு போயிருச்சு, கிஹெய் கிளார்க் ஓடிப்போயி எடுத்து, 5 அடி 9 அங்குலம் தான் இருப்பான், மொத வருஷப் பையன் வேற, பதறி தானே எறியாம நீளமா டியாகிட்டேக்கே பாஸ் குடுத்தான் பாருங்க. அவன் போட்டான், சமன், ஓவர்டைம், 80-75.

அடுத்து தான் ஆபர்ன், 2019 ஏப்ரல் 6, மினியாபொலிஸ்ல. வீட்டுல நாலஞ்சு பேரு உக்காந்து பாக்கறோம், ஒருத்தர் ஆபர்ன்ல படிச்ச ஆபீஸ் நண்பர். 62-60, ஆபர்ன் முன்னாடி. நம்ம டீம்ல கைல் கைங்கற பையன் மூலைல இருந்து எறிஞ்சான், பந்து உள்ள போகல, நண்பர் ரெண்டு கையயும் தூக்கிட்டு சோபால இருந்து குதிச்சே குதிச்சிட்டார். அப்புறம் பாத்தா விசில். ஃபவுல், 0.6 செகண்ட் பாக்கி, மூனு ஃப்ரீ த்ரோ. ஒன்னு போட்டான். ரெண்டு போட்டான், 62-62. உடனே ஆபர்ன் கோச் ப்ரூஸ் பேர்ல் டைம் அவுட் எடுத்து பையன வெறும் கையோட நின்னு யோசிக்க விட்டார். திரும்பி வந்தான், மூனாவதும் உள்ள. 63-62. இப்ப சொல்லுங்க, 63-60னு அடிச்சா இதுல என்னங்க மிச்சம் இருக்கு?

ஃபைனல்ல டெக்சாஸ் டெக் கூட ஹண்டர் 27 பாயின்ட், ரெகுலர் டைம் முடிய 13 செகண்ட் கிட்ட இருக்கும்போது சமன் பண்ணின த்ரீ பாயின்டரும் அவனோடது தான், ஓவர்டைம்ல 85-77. யுனிவர்சிட்டிக்கு மொத கப், சீசன் 35 வெற்றி 3 தோல்வி. அந்த வரிய கடை ஒழுங்கா அடிச்சிருக்கான்.

கஸ்டமர் கேருக்கு போட்டோ எடுத்து அனுப்பினேன். சரியான ஸ்கோர் எதுன்னு நீங்களே ஒரு ஆதாரம் அனுப்புங்கன்னு பதில். அனுப்பினேன். ரெண்டு நாள் கழிச்சு, இதே டிசைன் நெறைய பேர் வாங்கியிருக்காங்க யாரும் கம்ப்ளெயின்ட் பண்ணலன்னு ஒரு மெயில், தப்ப விட அந்த மெயில் தான் எனக்கு கடுப்பு. திரும்ப எழுதினதுக்கு 25 பர்சன்ட் ரீஃபண்ட், அதாவது 8 டாலர், பாயின்ட்டுக்கு 4 டாலர்னு வச்சுக்கலாம். புது பிரிண்ட் இந்த ஸ்டாக் தீந்த பிறகு தானாம். பணம் ஒடனே வந்துச்சு, அத சொல்லணும்.

இதப் போட்டுட்டு ஒரு வெள்ளிக்கிழமை ஆபீஸ் போயிட்டேன், மறதில. அந்த ஆபர்ன் நண்பர் காபி மெஷின் கிட்ட எனக்குப் பின்னாடி நின்னு முதுகப் படிச்சிருக்கார். அந்த மேட்ச்சோட கடைசி சில செகண்ட்ல ஜெரோம் டபுள் டிரிப்ளிங் (பந்த தட்டறத நிறுத்திட்டு மறுபடி தட்டறது, அது தப்பு) பண்ணினத ரெஃபரி விட்டுட்டார்னு வருஷாவருஷம் சொல்லி அழறவர் அவரு, அதுவும் உண்மை தான், ரீப்ளே பாத்தா எனக்கே பேச வாய் வராது. "விசில் ஊதாம மேட்ச எடுத்தீங்க, சரி, இப்ப நாங்க போட்ட ரெண்டு பாயின்ட்டயும் எடுத்துட்டீங்களா"ன்னு கேட்டார். என்னத்த சொல்ல.

அன்னிக்கு சாயங்காலமே பொண்ணு கிட்ட குடுத்து, ஆரஞ்சு ஃபேப்ரிக் பெயின்ட்ல சைபர 2 ஆக்கச் சொன்னேன். அழகா ஆக்கினா, தள்ளி நின்னு பாத்தா வித்தியாசமே தெரியல. ஆறாவது துவைப்புல அது மட்டும் போயிருச்சு, கடைக்காரன் அடிச்ச 60 அப்படியே பளிச்சுன்னு இருக்கு. பிரிண்ட் குவாலிட்டி அவ்ளோ நல்லா இருக்கு.