வேலை போனபின் எந்த வழியை முதலில் பிடிப்பது?

பதினைந்து நிமிடக் கூட்டம் ஒன்றுக்கான அழைப்பு காலையில் வந்தது. அழைக்கப்பட்டவர்கள் பட்டியலில் என் மேலாளரின் பெயருக்குக் கீழே, அதுவரை நான் ஒருமுறைகூடப் பேசியிராத எச்.ஆர். அதிகாரி ஒருவரின் பெயர் இருந்ததைப் பார்த்ததுமே விஷயம் புரிந்துவிட்டது. மதியத்துக்குள் மடிக்கணினி பூட்டிக்கொண்டது. மாலைக்குள் கைக்கு எட்டிய எல்லா வேலை தேடும் இணையதளங்களிலும் ரெஸ்யூமேயை ஏற்றி முடித்து, ஏதோ பெரிய காரியம் செய்துவிட்ட நிறைவோடு படுக்கப் போனேன். விண்ணப்பித்ததில் தவறில்லை, எதை முதலில் செய்வது என்று ஒரு நிமிடம்கூட யோசிக்காததுதான் தவறு.

பணிநீக்கத்துக்கு ஆளான ஐ.டி. ஊழியர் ஒருவர் முன் பெரும்பாலும் இருக்கும் வழிகள் இவை: தளங்களில் விண்ணப்பிப்பது, தெரிந்தவர் மூலம் அவர் நிறுவனத்தில் ரெஃபரல் (பரிந்துரை) பெறுவது, ஒப்பந்த வேலையில் சேர்வது, புதிய தொழில்நுட்பம் ஒன்றைப் படிப்பது, வேறு துறை நிறுவனத்தின் ஐ.டி. பிரிவுக்குப் போவது, ஃப்ரீலான்ஸாக இறங்குவது. இவற்றில் எது வேலை வாங்கித் தரும் என்று கேட்டால், எல்லாமே யாரோ ஒருவருக்கு வாங்கித் தந்திருக்கும். ஆகவே அந்தக் கேள்வியால் எதையும் பிரித்தறிய முடியாது. ஆம் என்றோ இல்லை என்றோ பதில் வர எத்தனை நாளாகும், பதில் இல்லை என்றால் கையில் என்ன மிஞ்சும் என்ற இரண்டு கேள்விகளைக் கேட்டால்தான் வித்தியாசம் தெரிகிறது. அப்படிக் கேட்டுப் பார்க்கும்போது, வழக்கமாக நாம் பிடிக்கும் வரிசை ஏறக்குறைய தலைகீழாகிவிடுகிறது.

தளங்களில் விண்ணப்பிப்பதன் கவர்ச்சி, அது உடனே செய்யக்கூடியதாக இருப்பதுதான். ஒரே பொத்தானில் முடிந்துவிடுகிறது என்பதாலேயே எல்லோரும் செய்கிறார்கள். எல்லோரும் செய்வதாலேயே அதன் மதிப்பு குறைகிறது. நிறுவனங்கள் விண்ணப்பங்களைக் கையாளப் பயன்படுத்தும் ஏ.டி.எஸ். எனப்படும் மென்பொருள்தான் முக்கால்வாசி ரெஸ்யூமேக்களைத் தானாகவே குப்பையில் போடுகிறது என்று பரவலாக ஒரு பேச்சு உண்டு. நடப்பது பெரும்பாலும் அதைவிடச் சாதாரணமானது. அனுபவ ஆண்டுகள், சேரக்கூடிய தேதி, பணியாற்ற அனுமதி போன்ற கேள்விகளுக்கு நாம் அளிக்கும் பதில் பொருந்தாவிட்டால் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். மற்றவை வரிசையில் கிடக்கும். ஆள்சேர்ப்பவர் குறிச்சொற்களைத் தேடி மேலாக இருக்கும் சிலவற்றைத் திறந்து பார்ப்பார், போதுமான ஆட்கள் கிடைத்ததும் மீதியைத் திறக்கவே மாட்டார். ஆகவே இந்த வழியில் இரண்டு விஷயங்கள் மட்டுமே உண்மையில் நம் கையில் இருக்கின்றன. விளம்பரம் வந்த முதல் ஓரிரு நாட்களுக்குள் விண்ணப்பிப்பது ஒன்று. அந்த விளம்பரத்தில் இருக்கும் சொற்களையே, நாம் உண்மையாகவே செய்த வேலைக்குப் பொருந்தும் இடங்களில், ரெஸ்யூமேயில் எழுதுவது மற்றொன்று. இரட்டை நெடுவரிசை வடிவமைப்பும், தொலைபேசி எண்ணைப் பக்கத்தின் தலைப்பகுதியில் ஒளித்து வைப்பதும் கண்ணுக்கு அழகாக இருக்கலாம்; சில மென்பொருள்கள் அவற்றைச் சரியாக வாசிப்பதில்லை. இந்த வழியின் பெரிய குறை, நிராகரிப்புகூட வராது என்பதே. பதிலே வராத ஒரு வழியிலிருந்து எதையும் கற்றுத் திருத்திக்கொள்ள முடியாது.

ரெஃபரல் இதற்கு நேர்மாறானது. கேட்பதற்குக் கூச்சம் தடுக்கும், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுத வேண்டும், ஆனால் பதில் பெரும்பாலும் சில நாட்களில் வந்துவிடும். யாரிடம் கேட்பது என்பதில்தான் பலர் இடறுகிறோம். சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1970-களின் தொடக்கத்தில், அண்மையில் வேலை மாறிய தொழில்முறை, தொழில்நுட்ப, நிர்வாகப் பணியாளர்களை ஆராய்ந்தபோது, தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களில் 16.7 சதவீதத்தினர் மட்டுமே அந்தத் தெரிந்தவரை அடிக்கடி சந்தித்து வந்தவர்கள் என்று கண்டார், 55.6 சதவீதத்தினர் எப்போதாவது சந்தித்தவர்கள், 27.8 சதவீதத்தினர் அரிதாகவே சந்தித்தவர்கள். நெருங்கிய நண்பருக்குத் தெரிந்த செய்தி பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும், தூரத்துப் பழக்கமோ வேறொரு வட்டத்துச் செய்தியைக் கொண்டுவரும் என்பது அவர் கண்ட காரணம். லிங்க்ட்இன் தளத்தில் சுமார் 2 கோடிப் பேரை வைத்து நடந்து, 2022-இல் முடிவுகள் வெளியான சோதனைகளும் இதையே ஒரு திருத்தத்தோடு உறுதி செய்தன: மிக மெல்லிய பழக்கமே உள்ளவரைக் காட்டிலும், ஓரளவு பழக்கமுள்ளவரே அதிகம் பயன்படுகிறார்.

பணிநீக்கச் சூழலில் இதற்கு இன்னொரு காரணமும் சேர்ந்துகொள்கிறது என்று எனக்குப் படுகிறது. நம் குழுவே கலைக்கப்பட்டிருந்தால், நமக்கு மிக நெருங்கியவர்கள் அத்தனை பேரும் அதே வாரத்தில் அதே காலியிடங்களைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களிடம் ஆறுதல் கிடைக்கும், காலியிடம் கிடைக்காது. இரண்டு நிறுவனங்களுக்கு முன்னால் ஒரே புராஜெக்ட்டில் இருந்த டெஸ்டர், ஒரு நள்ளிரவு ரிலீஸில் உடன் விழித்திருந்த டேட்டாபேஸ் நிர்வாகி, முன்பு நம்மிடம் பயிற்சி பெற்று இப்போது வேறெங்கோ இருப்பவர் ஆகியோரே இங்கே முக்கியமானவர்கள். அவர்களுக்கு எழுதும்போது, "ஏதாவது வேலை இருந்தால் சொல்லுங்கள்" என்று முடிப்பது, தேடும் பாரத்தையும் அவர் தலையிலேயே ஏற்றிவிடுகிறது. அவர் நிறுவனத்தின் பக்கத்தில் இருக்கும் குறிப்பிட்ட ஒரு காலியிடத்தின் எண், அதற்கு நாம் ஏன் பொருந்துவோம் என்று இரண்டு வரி, இணைப்பில் ரெஸ்யூமே என்ற அளவில் எழுதினால் அவர் செய்ய வேண்டியது ஐந்து நிமிட வேலையாகிவிடும். ரெஃபரல் நேர்காணலில் தேற வைப்பதில்லை. ரெஸ்யூமேயைத் திறக்க வைக்கிறது, அவ்வளவே. பதில் இல்லை என்றாலும், அந்த நிறுவனத்தில் ஆள் எடுக்கிறார்களா, எந்தக் குழு வளர்கிறது என்ற தகவலாவது மிஞ்சும். அந்த ஒரு காரணத்துக்காகவே நான் இதைத் தளங்களுக்கு மேலே வைக்கிறேன்.

அடுத்த போட்டி ஒப்பந்த வேலைக்கும் நிரந்தர வேலைக்காகக் காத்திருப்பதற்கும் இடையில் வருகிறது. ஒப்பந்தத்தில் சேர்ந்தால் மதிப்புக் குறைந்துவிடும் என்ற தயக்கம் பலருக்கு உண்டு, எனக்கும் இருந்தது. ஆனால் காத்திருப்புக்கும் விலை உண்டு. அமெரிக்காவில் 12,000 கற்பனை ரெஸ்யூமேக்களை உண்மையான விளம்பரங்களுக்கு அனுப்பிப் பார்த்த ஓர் ஆய்வு 2013-இல் வெளியானது. வேலையின்றி இருக்கும் காலம் நீள நீள அழைப்புகள் குறைந்தன, முதல் 8 மாதங்களில்தான் அந்தச் சரிவு கடுமையாக இருந்தது. அதே ஆய்வில் ஆறுதலான பகுதியும் இருக்கிறது. வேலைச் சந்தை மந்தமாக உள்ள இடங்களில் இந்தச் சரிவு குறைவாகவே இருந்தது. எல்லோருக்குமே வேலை கிடைக்காத காலத்தில், இடைவெளியை அந்த ஒருவரின் குறையாக யாரும் வாசிப்பதில்லை.

இதை ஒட்டிய இன்னொரு கண்டுபிடிப்பு, பொருளியலாளர்கள் ராபர்ட் கிப்பன்ஸும் லாரன்ஸ் காட்ஸும் 1991-இல் வெளியிட்டது. ஆலையே மூடப்பட்டதால் வேலை இழந்தவர்களைவிட, நிறுவனம் தேர்ந்தெடுத்து வெளியேற்றியவர்கள் அடுத்த வேலையில் அதிக ஊதிய இழப்பைச் சந்தித்தார்கள். தேர்ந்தெடுத்து நீக்கப்பட்டவரிடம் ஏதோ குறை இருக்கும் என்று சந்தை ஊகித்துக்கொள்கிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். 2022 நவம்பரில் ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா 11,000-க்கும் மேற்பட்டோரையும், 2023 ஜனவரியில் கூகுளின் தாய் நிறுவனமான ஆல்ஃபபெட் சுமார் 12,000 பேரையும் நீக்க முடிவெடுத்ததற்குப் பிறகு, ஆள்சேர்ப்பவர்களுக்குக் கூட்டுப் பணிநீக்கம் என்பது புதிய செய்தியல்ல. எனவே நேர்காணலில் காரணம் கேட்கப்படும்போது, "எங்கள் பிரிவே மூடப்பட்டது" என்று உண்மையை ஒரே வரியில் சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போவதே நல்லது. அந்த ஒரு வரியைக் கசப்பில்லாமல் சொல்வது எளிதல்ல என்பதும் உண்மைதான். வேலை இழந்த 63 தொழில்முறையாளர்களை வைத்து 1994-இல் வெளியான ஆய்வொன்றில், தம் மனக்குமுறலைச் சில நாள் எழுதித் தீர்த்தவர்கள் மற்றவர்களைவிட விரைவாக வேலை பெற்றார்கள். இத்தனைக்கும் அவர்கள் கூடுதலாக விண்ணப்பிக்கவில்லை.

ஒப்பந்த வேலையின் பலம், நேர்காணல் சுற்றுகள் குறைவு, முடிவு விரைவு. பலவீனங்கள் காகிதத்தில் இருக்கின்றன: விடுப்புக்கு ஊதியமில்லை, காப்பீடு பெரும்பாலும் நம் பொறுப்பு, இடைத்தரகு நிறுவனம் இன்வாய்ஸ் அனுப்பி 30 அல்லது 60 நாள் கழித்துத்தான் பணம் தரும் என்றால் முதல் வரவு கைக்கு வருவதற்குள் ஒரு காலாண்டே ஓடிவிடலாம். வாடிக்கையாளர் நிறுவனம் நம்மை நேரடியாக எடுத்துக்கொள்ள விரும்பினால் அதற்குத் தடையோ கட்டணமோ ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று கையெழுத்துக்கு முன்பே பார்க்க வேண்டும். இவ்வளவையும் எடைபோட்ட பின்னும், கையிருப்பு ஆறு மாதச் செலவுக்குக் குறைவாக இருப்பவருக்கு ஒப்பந்த வேலையே மேல் என்பது என் கருத்து. கையிருப்பைக் கணக்கிடும்போது இழப்பீட்டுத் தொகை, பயன்படுத்தாத விடுப்புக்கான பணம் ஆகியவற்றைக் கூட்டுகிறோம். நிறுவனக் காப்பீடு எந்தத் தேதியில் முடிகிறது என்பதைப் பார்க்க மறந்துவிடுகிறோம். வேலையோடு விசாவும் பிணைந்திருப்பவருக்கு இந்தக் கணக்கே வேறு. அவருடைய கெடுவை முடிவு செய்வது வங்கிக் கணக்கல்ல, விசா விதியில் உள்ள நாட்கள்.

புதிதாகப் படிப்பதை நான் கடைசிக்குத் தள்ளுகிறேன். இதைச் சொல்லும்போது நண்பர்கள் சண்டைக்கு வருகிறார்கள். படிப்பு தேவையில்லை என்று சொல்லவில்லை. வேலை போன முதல் வாரத்தில் படிப்பில் இறங்குவது பெரும்பாலும் ஒளிந்துகொள்வதாக இருக்கிறது என்கிறேன். பாட வீடியோ யாரையும் நிராகரிப்பதில்லை. ஒவ்வொரு அத்தியாயம் முடிந்ததும் பச்சை நிற டிக் விழுகிறது, நாள் வீணாகவில்லை என்ற திருப்தி வருகிறது. நானும் மூன்று வாரம் க்ளவுட் சான்றிதழ் ஒன்றுக்குப் படித்தேன், நான்காவது வாரம் ஒரு ஆள்சேர்ப்பவர் கேட்ட முதல் கேள்வி, "இதை லைவ் சிஸ்டத்தில் எங்கே பயன்படுத்தினீர்கள்?" என்பதே. சான்றிதழ், செய்த வேலைக்குச் சாட்சியாக இருக்கும்போது எடை கூட்டுகிறது. செய்யாத வேலைக்கு மாற்றாக வைக்கும்போது அவ்வளவாக எடுபடுவதில்லை. ஆகவே முதலில் நான்கைந்து நேர்காணல்களுக்குப் போய், எந்தக் கேள்வியில் திரும்பத் திரும்பத் தடுமாறுகிறோம் என்று குறித்துக்கொண்டு, அந்த ஒன்றை மட்டும் படிப்பது சிக்கனமான வழி. நிரல் எழுதும் தேர்வுக்கான பயிற்சி மட்டும் இதற்கு விதிவிலக்கு. பல ஆண்டுகள் பழைய நிரல்களைப் பராமரித்தே வந்தவருக்கு அது கைவிட்டுப் போயிருக்கும், முதல் நாளிலிருந்தே தினம் ஒரு மணி நேரம் ஒதுக்கத்தான் வேண்டும்.

படிப்புக்கு மாற்றாகப் பலர் எண்ணிப் பார்க்காத வழி, தொழில்நுட்பத்தை மாற்றாமல் துறையை மாற்றுவது. வங்கி, காப்பீடு, மருத்துவமனை, உற்பத்தி, சரக்குப் போக்குவரத்து என எல்லாவற்றிலும் சொந்த ஐ.டி. பிரிவுகள் இருக்கின்றன. 1959-இல் உருவான கோபால் (COBOL) என்ற கணினி மொழியில் எழுதிய நிரல்கள் இன்றும் பெரிய வங்கிகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன என்றால், அங்கே தேவைப்படுவது இந்த ஆண்டின் புதிய ஃப்ரேம்வொர்க் தெரிந்தவர் மட்டுமல்ல என்பது விளங்கும். ஊதியம் சற்றுக் குறையலாம், வேலையின் வேகமும் குறையும். ஆனால் ஐந்தாண்டுகள் காப்பீட்டு வாடிக்கையாளர் ஒருவருக்காக மென்பொருள் எழுதியவருக்கு, க்ளெய்ம் எப்படி நகர்கிறது என்ற அறிவு தன் ரெஸ்யூமேயில் ஒரு வரிகூடப் பெறாமல் கிடக்கிறது. காப்பீட்டு நிறுவனம் தேடுவது அந்த வரியைத்தான்.

ஃப்ரீலான்ஸ் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. முன்பே ஓரிரு வாடிக்கையாளர்கள் இருப்பவருக்கு அது நல்ல வழி. பூஜ்ஜியத்திலிருந்து தொடங்குபவர், வேலை தேடுவதைவிடக் கடினமான வாடிக்கையாளர் தேடலைத்தான் தலையில் ஏற்றிக்கொள்கிறார்.

என் கதையில் இந்த வழிகள் வரிசையாக வரவில்லை, ஒன்றின் மேல் ஒன்று ஏறி வந்தன. தளங்களில் அனுப்பிய விண்ணப்பங்களைக் குறித்து வைத்த எக்ஸெல் தாளில் 'நிலை' என்ற பத்தி பெரும்பாலும் காலியாகவே இருந்தது. மூன்றாவது மாதம் ஒப்பந்த வேலை ஒன்றில் சேர்ந்தேன். அதைச் சொன்னவர், ஆறு ஆண்டுகளாக நான் ஒரு வார்த்தை பேசியிராத முன்னாள் டெஸ்டர். வெள்ளிக்கிழமை மாலை எழுதினேன், திங்கட்கிழமை காலை அவர் மேலாளர் அழைத்தார். அந்த ஒப்பந்தம் வரும் மாதம் முடிகிறது. இந்த முறை எக்ஸெல் தாளின் முதல் பத்தியில் நிறுவனங்களின் பெயர்கள் இல்லை, ஆட்களின் பெயர்கள் இருக்கின்றன.