மைப்பேனா: சொட்டி நிரப்புவதா, கன்வெர்ட்டரா?

எபோனைட் (கெட்டி ரப்பர்) மைப்பேனா வாங்குகிறவர்களுக்கு வரும் முதல் குழப்பம் இது. மையை நேரே உடலுக்குள் ஊற்றும் பேனாவில் 2 முதல் 3 மில்லி வரை பிடிக்கும். கன்வெர்ட்டர் என்பது மையை உறிஞ்சி வைக்கும், கழற்றி மாட்டும் சிறு குழாய்; சாதாரணமானதில் 1 மில்லிகூடத் தேறாது. பக்கம் பக்கமாக எழுதுகிறவருக்குச் சொட்டுப் பேனாதான்.

ஆனால் மை மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கியதும் அது தன் வேலையைக் காட்டும். உள்ளே காற்று அதிகம். கைச்சூட்டில் அது விரிந்து மையைத் தள்ள, நிப்பில் ஒரு சொட்டு திரண்டு தாளில் பொத்தென்று விழும். பாதி தீர்ந்ததுமே நிரப்பிவிடுங்கள். மரையில் சிலிக்கோன் கிரீஸை மெல்லிசாகத் தடவினால் கழுத்தில் கசியாது. அடியில் துளையுள்ள உடல், உலோக உடல் இரண்டுக்கும் நேரே மை ஊற்றும் முறை ஆகாது.

கன்வெர்ட்டரில் இந்தத் தொல்லை குறைவு. அடிக்கடி நிறம் மாற்றுகிறவருக்கு அதுவே வசதி: தண்ணீரை ஐந்தாறு முறை இழுத்துத் தள்ளினால் பெரும்பாலும் சுத்தம். மை இருந்தும் எழுதவில்லையா? பின்பக்கம் ஒட்டி நிற்கும். நிப்பைக் கீழ்நோக்கிப் பிடித்து லேசாகச் சுண்டுங்கள், இறங்கிவிடும்.

எதைக் கழுவினாலும் வெந்நீர் வேண்டாம். எபோனைட் பளபளப்பு போய்ப் பழுப்பேறிவிடும்.