பாம்பன் வெயிலும் டாவின்சி ரிசால்வும்: மாணவர் பாடல் காணொளிகளைத் தொகுத்த அனுபவம்

இராமநாதபுரம் கடற்கரை மாணவர்களின் பாடல் காணொளிகளைச் சில ஆண்டுகளாக டாவின்சி ரிசால்வ் என்ற காணொளித் தொகுப்பு மென்பொருளின் இலவசப் பதிப்பில்தான் தொகுத்து வருகிறேன். கீழக்கரை, பெரியபட்டினம், மண்டபம், தங்கச்சிமடம் என்று பல ஊர்ப் பிள்ளைகள். தாங்களே எழுதி, மெட்டமைத்து, கைப்பேசியில் படம்பிடித்துக் கொண்டுவருவார்கள். எந்த மென்பொருளை வாங்கித் தரலாம் என்று பெற்றோர் கேட்டால் என் பதில் ஒன்றுதான்: எதையும் வாங்க வேண்டாம், இது போதும்.

அப்படிச் சொல்ல முதல் காரணம் வண்ணம். தனுஷ்கோடியின் கடைக்கோடியான அரிச்சல்முனையில் காலை பத்து மணிக்கு மேல் மணலும் வானமும் கடலும் சேர்ந்து கண்ணைப் பறிக்கும். அந்த வெளிச்சத்துக்குக் கைப்பேசி எக்ஸ்போஷரை, அதாவது உள்வாங்கும் ஒளியின் அளவை, குறைத்துக்கொள்ளும். முன்னால் நின்று பாடும் பெண்ணின் முகம் இருண்டுபோகும். கைப்பேசிச் செயலியில் ஒரு ஃபில்டரைத் தட்டினால் முகம் மாவு பூசியது போல வெளுத்துவிடும். இதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். நம் பிள்ளைகளின் கறுத்த முகம் கறுத்த முகமாகவே, ஒளியோடு தெரிய வேண்டும். ரிசால்வின் கலர் பக்கத்தில் முகத்தைச் சுற்றி ஒரு பவர் விண்டோ வரைந்து டிராக்கரை ஓடவிட்டால், ஆள் நடந்தாலும் அந்த வட்டம் கூடவே நகரும். அதற்குள் நடுத்தர வெளிச்சத்தை மாற்றும் காமாவை மட்டும் சற்று உயர்த்துகிறேன், மிகப் பிரகாசமான பகுதிகளை மாற்றும் கெயினைத் தொடுவதில்லை. நிறச் சாயலை வட்ட வரைபடமாகக் காட்டும் வெக்டர்ஸ்கோப்பில் தோல் நிறத்துக்கென்று ஒரு கோடு உண்டு. கறுப்போ மாநிறமோ சிவப்போ, மனிதத் தோலின் சாயல் அந்தக் கோட்டை ஒட்டியே விழும். வேறுபடுவது பெரும்பாலும் வெளிச்சத்தின் அளவுதான். இந்தக் கோட்டைக் காட்டியதும் மாணவர்கள் ஃபில்டர் கேட்பதை விட்டுவிடுகிறார்கள்.

ஆனால் பதிவிலேயே வெளுத்துப்போன வானத்தை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. நிறப் படிகள் குறைவான 8 பிட்டில் பதிவான நீலத்தை அளவுக்கு மீறி இழுத்தால் பட்டை பட்டையாகப் பிரியும். எனவே வானத்தைப் பார்த்து எக்ஸ்போஷரைப் பூட்டிவிட்டுப் படம்பிடிக்கச் சொல்கிறேன். பாக் நீரிணைப் பக்கம் நம்மவர்கள் சொல்லும் பெண் கடல், மன்னார் வளைகுடாப் பக்கம் ஆண் கடல்; இரண்டின் நிறமும் அலையும் வேறு. இரண்டையும் ஒரே நீலமாக்கச் சிலர் கேட்பார்கள். செய்ய முடியும், ஆனால் செய்வதில்லை.

அடுத்தது வாயசைப்பு, அதாவது உதட்டசைவைப் பாடலோடு பொருத்துவது. இதில்தான் நேரம் மிகுதியாகப் போகிறது. பல கைப்பேசிகள் வெளிச்சத்துக்கு ஏற்பப் பிரேம் வேகத்தை, அதாவது நொடிக்கு எடுக்கும் படங்களின் எண்ணிக்கையை, கூட்டிக் குறைக்கும். 29.97 பிரேமில் பதிவானதை 30 என்று கொண்டால், நான்கு நிமிடப் பாடலின் முடிவில் கால் நொடி விலகல், அதாவது ஏழு பிரேம், வந்துவிடும். அதனால் எல்லாக் கிளிப்புகளையும் முதலில் ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் நிலையான பிரேம் வேகத்துக்கு மாற்றிக்கொள்கிறேன். ரிசால்வில் முதல் கிளிப்பை மீடியா பூல் என்ற கோப்புத் தொகுப்பில் போடுவதற்கு முன்பே திட்டத்தின் பிரேம் வேகத்தை முடிவு செய்துவிட வேண்டும். பிறகு அதை மாற்ற விடாது.

கிளிப்புகளை ஒலி அலைவடிவத்தைக் கொண்டு பொருத்தி, பல கோணங்களை ஒருசேரக் காட்டும் மல்டிகேமாக அடுக்கி, பாடலை ஓடவிட்டபடியே வெட்டலாம். இந்த வசதி இலவசப் பதிப்பிலேயே இருக்கிறது. பாடல் காணொளிக்கு இதைவிடப் பெரிய உதவி இல்லை. கச்சான் காற்று வீசும் மாதங்களில் மட்டும் இது தடுமாறும். மைக்கில் காற்றின் இரைச்சலே பதிவாகியிருக்கும், பாடல் இருக்காது. அதற்காக, பாடல் தொடங்கும் இடத்தில் கேமராவுக்குத் தெரியும்படி ஒருவர் கைதட்ட வேண்டும் என்று விதி வைத்திருக்கிறேன். தொலைவும் கணக்கில் உண்டு. ஸ்பீக்கர் பாடுபவரின் அருகில், கேமரா 35 மீட்டர் தள்ளி என்றால், ஒலி கேமராவை அடையப் பத்தில் ஒரு நொடி ஆகிறது. அலைவடிவம் கச்சிதமாகப் பொருந்தியிருக்கும். உதடு மட்டும் மூன்று பிரேம் முந்தும். அதைக் கையால் நகர்த்தித்தான் சரிசெய்ய வேண்டும்.

கணினி விஷயத்தில் ஆறுதல் சொல்ல முடியாது. 8 ஜிபி நினைவகம் உள்ள மடிக்கணினியில் 4கே கிளிப்புகள் திக்கித் திணறும். கால் பங்கு அளவில் ப்ராக்ஸி எனும் சிறிய நகல்களை உருவாக்கிக்கொண்டால் வெட்டும் வேலை ஓடிவிடும்; காட்சி விளைவுகளுக்கான ஃப்யூஷன் பக்கத்தை மறந்துவிட வேண்டும். 16 ஜிபி இருந்தால் நிம்மதி. இலவசப் பதிப்பில் வெளியீடு அல்ட்ரா எச்டி அளவோடு நின்றுவிடும். பிள்ளைகளுக்கு அதுவே தாராளம். இரவுக் காட்சிகளின் புள்ளி இரைச்சலை நீக்கும் டெம்போரல் வசதியும், ஆளைத் தானாகப் பிரித்தெடுக்கும் மேஜிக் மாஸ்க்கும் 295 டாலர் விலையுள்ள ஸ்டுடியோ பதிப்பில்தான் உண்டு. படகுத்துறை விளக்கில் எடுக்கும் காட்சிகளுக்கு முதலாவது இல்லாத குறை எனக்குத் தெரிகிறது. அதற்காக மாணவரைச் செலவு செய்யச் சொல்ல மாட்டேன். அந்தி வெளிச்சம் போவதற்குள் எடுக்கச் சொல்வேன்.

மென்பொருளுக்குத் தொடர்பில்லாத ஒன்றையும் தொகுப்பவர் கவனிக்க வேண்டும். மாணவர்களுக்கு ஓய்வு கிடைப்பது மே மாதத்தில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் கரையில் கட்டிக் கிடக்கும். விட்டுப்போன ஷாட்டை ஜூலையில் எடுத்தால் பின்னணியே மாறியிருக்கும். பாம்பனிலும் அப்படித்தான். 2025 ஏப்ரலில் புதிய தூக்குப் பாலம் திறக்கப்பட்டது. 1914ஆம் ஆண்டின் பழைய பாலத்தில் ரயில் ஓடும் சேமிப்புக் காட்சியைப் புதிய பாடலில் செருகினால் ஊர்க்காரர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

வெளியீட்டுக்கு 1080பி அளவும், எச்.264 என்ற சுருக்க முறையும் போதும். முடிந்த காணொளியை விலை குறைந்த கைப்பேசி ஒன்றில், வெயிலில் நின்று ஒருமுறை பார்த்துவிட்டே ஒப்படைக்கிறேன். பெரும்பாலோர் பார்ப்பது அப்படித்தான். திட்டத்தை மட்டும் சேமித்தால் படக்கோப்புகள் அதில் சேராது. எல்லாக் கோப்புகளும் சேரும் ப்ராஜெக்ட் ஆர்க்கைவாக எடுத்து, மாணவர்களின் ஹார்ட் டிஸ்க்கிலேயே போட்டுக் கொடுத்துவிடுகிறேன். அடுத்த பாடலை அவர்களே வெட்டிப் பழக அது உதவுகிறது.