மாநகராட்சியில் 13 ஆண்டுகள்: குப்பை வண்டி வருகிறது, ஓடையைப் பற்றிக் கேட்க இடமில்லை

போன வாரம் பள்ளித் தோழன் ஒருவன் போன் செய்தான். அவனுடைய ஊராட்சியும் பட்டியலில் வந்துவிட்டதாம். 2025 தொடக்கத்தில் 149 கிராம ஊராட்சிகளை 16 மாநகராட்சிகளோடு சேர்க்கப்போவதாக அரசு அறிவித்ததே, அந்தப் பட்டியல். ஊரில் ஆட்சேபனை மனுவுக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். "மாப்ள, நீங்கதான் முன்னாடியே போனவங்க. அங்க எப்படி இருக்கு? நான் கையெழுத்துப் போடவா, வேணாமா?" என்று கேட்டான். அரை மணி நேரம் பேசியும் முடியவில்லை. அவனைப் போல இன்னும் பலர் இப்போது இதே யோசனையில் இருப்பார்கள் என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் 2011இல் மாநகராட்சிக்குள் வந்தது. அந்த ஆண்டில்தான் சென்னை 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426க்கு விரிந்தது. கோவையும் மதுரையும் 72 வார்டுகளிலிருந்து 100 வார்டுகள் ஆயின. அப்படி எல்லை விரித்த மாநகராட்சிகளில் ஒன்றின் ஓரத்தில் நாங்கள் இருக்கிறோம். 13 ஆண்டுகள் ஆகிவிட்டன. நல்லது கெட்டது இரண்டையும் சொல்ல இந்தக் காலம் போதும் என்று நினைக்கிறேன்.

எல்லோரும் முதலில் கேட்பது வரியைப் பற்றித்தான். கூடும், சந்தேகமே வேண்டாம். ஊராட்சியில் வீட்டு வரி ஆண்டுக்கு ஒரு தடவை. எங்கள் வீட்டுக்கு நூறு ரூபாய்ச் சொச்சம். ஊராட்சி எழுத்தர் திண்ணையில் உட்கார்ந்து மோர் குடித்துவிட்டு ரசீது போட்டுக் கொடுப்பார். மாநகராட்சியில் சொத்து வரி அரையாண்டுக்கு ஒரு தடவை. அதோடு குடிநீர்க் கட்டணம், குப்பைக் கட்டணம், பாதாளச் சாக்கடை வந்தால் அதற்கு வைப்புத்தொகை. 2022 ஏப்ரலில் சொத்து வரியை உயர்த்தியபோது, சென்னையின் பழைய பகுதி தவிர மற்ற இடங்களில் 600 சதுர அடி வரை 25 சதவீதம், 1200 வரை 50, 1800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம் என்று வைத்தார்கள். எங்கள் வீடு 900 சதுர அடி. கட்டுவது ஒன்றரை மடங்காகிவிட்டது. ஏப்ரல் மாதத்துக்குள்ளும் அக்டோபர் மாதத்துக்குள்ளும் கட்டிவிட்டால் 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு, அதை விட்டுவிடாதீர்கள். வரியைப் பெரிய குறையாக நான் சொல்ல மாட்டேன். கொடுத்த காசுக்கு வீடு தேடி வந்தவை சில உண்டு.

அதில் முதலாவது குப்பை வண்டி. இணைப்பைப் பற்றிப் பேசும் யாரும் இதைச் சொல்வதில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. ஊராட்சிக் காலத்தில் எங்கள் குப்பையெல்லாம் கண்மாய்க் கரைக்குப் போகும். சேர்ந்ததும் யாராவது தீ வைத்துவிடுவார்கள். பிளாஸ்டிக் எரியும் நாற்றம் இரண்டு நாள் ஊருக்குள் நிற்கும். அம்மாவுக்கு இழுப்பு உண்டு. அந்த இரண்டு நாளும் சன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இப்போது காலை ஆறே முக்காலுக்கு விசில் சத்தம் கேட்கிறது, பேட்டரி வண்டி வந்து நிற்கிறது. பச்சைக் கூடையில் மக்கும் குப்பை, நீலத்தில் மக்காதது. வருகிற அக்கா முதல் ஆறு மாதம் எங்கள் தெருவோடு மல்லுக்கட்டினார். சேர்த்துப் போட்டால் வாங்க மாட்டார், அங்கேயே பிரிக்க வைப்பார். நாப்கினைத் தாளில் சுற்றித் தனியாகக் கொடுக்க வேண்டும் என்று தெருவுக்கே சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். இன்று என் எட்டு வயது மகள் வாழைப்பழத் தோலை நீலக் கூடையில் போட மாட்டாள். வார்டிலேயே இருக்கும் நுண் உர மையத்தில் தயாராகும் உரத்தைத்தான் எங்கள் மாமரத்துக்குப் போடுகிறேன். அந்த அக்கா ஒப்பந்தத் தொழிலாளி. நேரடி ஊழியராக இருந்திருந்தால் இந்தப் பத்தியை இன்னும் நிறைந்த மனதோடு எழுதியிருப்பேன்.

தண்ணீரும் நல்லதுதான், ஆனால் தாமதம். சேர்த்ததும் பழைய மேல்நிலைத் தொட்டியும் ஆழ்குழாயும் அப்படியே மாநகராட்சிக் கணக்குக்குப் போயின. ஆற்றுத் தண்ணீர் எங்கள் தெருவுக்கு வர ஏழு ஆண்டுகள் ஆயின. அதுவரை லாரியும் குடமும்தான். வந்த பிறகு குறை சொல்ல முடியாது. பழைய தண்ணீரில் பருப்பு வேகாது, இதில் வேகிறது.

சரி, ஓடைக்கு வருகிறேன்.

எங்கள் கண்மாய் நிறைந்தால் மறுகால் போகிற ஓடை, தெரு முனையைத் தொட்டுக்கொண்டு போகிறது. ஊராட்சியாக இருந்தபோது அக்டோபர் 2ஆம் தேதி கிராம சபையில் யாராவது ஒருவர் எழுந்து, "ஓடையை எப்பய்யா வெட்டப்போறீங்க?" என்று கேட்பார். பெரும்பாலும் என் அப்பாதான் கேட்பார். தலைவர் பதில் சொல்லியே ஆக வேண்டும், எதிரே ஊர் உட்கார்ந்திருக்கிறது. தீர்மானம் எழுதுவார்கள். அடுத்த வாரம் நூறு நாள் வேலையில் நாற்பது ஐம்பது பெண்கள் மண்வெட்டியும் சட்டியுமாக ஓடையில் இறங்குவார்கள். ஐப்பசி மழை பிடிப்பதற்குள் கருவேல முள்ளும் ஆகாயத்தாமரையும் கரைக்கு வந்துவிடும். தெருவில் தண்ணீர் நின்றதாக எனக்கு நினைவே இல்லை.

மாநகராட்சிக்குள் வந்ததும் நூறு நாள் வேலை நின்றது. அது ஊரகப் பகுதிக்கு மட்டுமான திட்டம். கூலி போனது ஒரு பக்கம். 2024-25இல் தமிழ்நாட்டில் அந்தக் கூலி நாளுக்கு 319 ரூபாயாக இருந்தது. தோழனின் ஊர்ப் பெண்கள் இணைப்பை எதிர்த்து ரோட்டில் உட்கார்ந்ததற்கு அந்தக் கூலி போய்விடும் என்பதுதான் காரணம். ஆனால் கூலியோடு சேர்ந்து அந்த வேலையும் போகிறது என்பது எங்களுக்கு இரண்டு மழைக்காலம் கழித்துத்தான் புரிந்தது. ஓடையில் இறங்க ஆளில்லை. மண் மேடிட்டது.

அப்புறம் 2018இல் தெருவோரம் மழைநீர் வடிகால் கட்டினார்கள். கான்கிரீட், மேலே மூடி, பார்க்க நல்ல வேலை. ஆனால் வடிகாலின் வாய் ஓடையில் விழும் இடத்தில் ஓடையின் மண் வாயைவிட உயரமாக இருக்கிறது. நல்ல மழை பெய்தால் தண்ணீர் ஓடைக்குப் போவதற்குப் பதிலாக ஓடைத் தண்ணீர் வடிகால் வழியாகத் தெருவுக்கு வருகிறது. கட்டும்போதே மேஸ்திரியிடம் அப்பா இதைச் சொன்னார். "எஸ்டிமேட்ல உள்ள மட்டம் இதுதாங்க" என்றார் அவர். வேறு யாரிடம் சொல்வது? கவுன்சிலர்களின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்துவிட்டது. அடுத்த தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19இல். நடுவில் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் வார்டுக்கென்று ஒருவரும் இல்லை. எங்கள் தெருவின் மட்டம் முடிவானது அந்தக் காலத்தில். அப்போது ஊராட்சிகளுக்கும் 2019 டிசம்பர் வரை தேர்தல் நடக்கவில்லை, உண்மை. ஆனாலும் அங்கே கிராம சபை கூடியது. கேள்வி கேட்க ஒரு மரத்தடியாவது இருந்தது.

ஒவ்வொரு புரட்டாசியிலும் புகார் கொடுக்கிறேன். முதலில் தாளில், இப்போது செயலியில். பத்தாவது நாள் "தங்கள் புகாருக்குத் தீர்வு காணப்பட்டது" என்று குறுஞ்செய்தி வருகிறது. மண்டல அலுவலகத்துக்கு நேரில் போனால், வடிகாலைச் சுத்தம் செய்தாகிவிட்டது, ஓடை எங்கள் பொறுப்பில் இல்லை என்கிறார்கள். கண்மாயைப் பார்க்கும் துறையிடம் போனால், எங்கள் வேலை கண்மாயோடு முடிகிறது என்கிறார்கள். இரண்டு இடத்திலும் மரியாதையாகத்தான் பேசினார்கள், காகிதத்தையும் எடுத்துக் காட்டினார்கள். நடுவில் இருக்கிற 300 மீட்டர் ஓடை யாருடைய காகிதத்திலும் இல்லை. போன நவம்பரில் மூன்று நாள் வீட்டுக்குள் கணுக்கால் அளவு தண்ணீர். ஃப்ரிட்ஜ் கம்ப்ரஸர் போய்விட்டது, கட்டில் கால் ஊறிவிட்டது. மூன்றாம் நாள் ராத்திரி வடிகால் மூடியைக் கடப்பாரையால் நெம்பித் தூக்கி, நானும் பக்கத்து வீட்டுத் தம்பியும் கையாலேயே மண்ணை வாரிப் போட்டோம். மறுநாள் காலையில் அந்தக் குறுஞ்செய்தி வந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தை இங்கே எழுத முடியாது.

மாநகராட்சியிலும் வார்டு மக்கள் கூடிக் கேட்கப் பகுதி சபை இருக்கிறதே என்று கேட்பீர்கள். 2022 நவம்பர் 1ஆம் தேதி முதல் கூட்டத்துக்கே நான் போனேன். கவுன்சிலர் கேட்டுக்கொண்டார், குறித்தும் கொண்டார். நல்ல மனிதர், கூப்பிட்டால் எடுப்பார். தெருவிளக்கு இரண்டு அவரால்தான் எரிகிறது. ஆனால் வரவு செலவு அங்கே வாசிக்கப்படவில்லை. கிராம சபையில் ஊராட்சிப் பணத்தில் பிளீச்சிங் பவுடர் எத்தனை மூட்டை வாங்கினார்கள் என்பது வரை வாசிப்பார்கள், அதில் அப்பா தப்பும் கண்டுபிடித்திருக்கிறார். இப்போது ஊராட்சிகளில் அந்தக் கூட்டம் ஆண்டுக்கு ஆறு. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. எங்கள் மாநகராட்சியின் பட்ஜெட் பல நூறு கோடி. அதில் எங்கள் ஓடைக்கு ஒரு ரூபாய் ஒதுக்கியிருக்கிறார்களா என்று இந்த 13 ஆண்டுகளில் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

இவ்வளவு சொன்ன பிறகு ஒன்றை மறைத்தால் தப்பாகிவிடும். ஊராட்சி எல்லோருக்கும் ஒரே மாதிரி இருக்கவில்லை. தார் ரோடு கோயிலோடு நின்றுவிடும். காலனித் தெருவுக்குக் குழாய் கடைசியில்தான் போனது, தண்ணீர் விடும் நேரமும் அங்கே பாதிதான். கிராம சபையில் அப்பா எழுந்து கேட்டதைப் போல அங்கிருந்து யாரும் எழுந்து கேட்டதை நான் பார்த்ததில்லை. ஆற்றுத் தண்ணீர் வந்தபோது இரண்டு தெருவுக்கும் ஒரே நாளில் வந்தது. ரோடும் போட்டார்கள், குப்பை வண்டியும் அங்கிருந்துதான் கிளம்புகிறது. அங்கே இருக்கும் என் வகுப்புத் தோழன் ஒருவனிடம் ஓடையைப் பற்றிப் புலம்பியபோது, "உங்க தெருவுக்கு ஓடை ஒண்ணுதான்டா குறை. எங்களுக்கு ரோடு வந்ததே மாநகராட்சி ஆன பிறகுதான்" என்றான். நான் வாயைத் திறக்கவில்லை.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் போனில் தோழன், "அப்ப உங்க ஊரைத் திரும்ப ஊராட்சி ஆக்குறோம்னு சொன்னா ஒத்துக்குவியா?" என்றான். மாட்டேன் என்றேன். அம்மாவின் மூச்சும் காலனித் தெருவின் தண்ணீரும் எனக்கு முக்கியம். "அப்ப நான் கையெழுத்துப் போடலைடா" என்றான். போடு என்றேன். அவனுக்குக் கோபமே வந்துவிட்டது.

போடத்தான் வேண்டும். நாங்கள் யாரும் எதுவும் எழுதிக் கொடுக்காமல் உள்ளே போனோம். நூறு நாள் வேலை நின்றால் வரத்துக்காலை யார் வெட்டுவார், ஓடை யார் கணக்கில் இருக்கும், வடிகால் மட்டத்தை யாரிடம் கேட்டு வைப்பீர்கள் என்று ஒரு வரிகூட எங்கள் ஊரிலிருந்து போகவில்லை. தோழனின் ஊராட்சித் தலைவரின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. 28 மாவட்டங்களில் அதே நிலைதான், தனி அலுவலர் பொறுப்புக்கு வந்தார். ஊருக்காகப் பேச இப்போது அந்த மனு ஒன்றுதான் இருக்கிறது. சேர்ப்பதாக முடிவானாலும் மனு கோப்பில் இருக்கும்.

'இணைப்பை எதிர்க்கிறோம்' என்று மட்டும் எழுதாதே, ஓடையின் சர்வே எண்ணை எழுது, எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று எழுது, போன ஆண்டு எந்தத் தேதியில் யார் தூர் வாரினார்கள் என்று எழுது, காலனியிலும் போய் அவர்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டு அதையும் சேர் என்று சொன்னேன். நேற்று இரவு கிராம நிர்வாக அலுவலரிடமிருந்து வரைபட நகல் வாங்கிவிட்டதாகப் படம் அனுப்பியிருக்கிறான். ஓடையைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டிருக்கிறான்.