காயா, பழமா, பூவா, தண்டா? வாழையில் எதற்கு என்ன மதிப்பு

வாழையைப் பற்றிப் பேச்செடுத்தாலே புகழெல்லாம் பூவுக்கும் தண்டுக்கும்தான் போகிறது. ஆனால் உடம்புக்குத் தெம்பு தருபவை காயும் பழமும். மற்ற இரண்டையும் நார்ச்சத்துக்காகவும் ருசிக்காகவும் சமைக்கிறோம் என்று வைத்துக்கொள்வதே நியாயம்.

முதலில் காயும் பழமும். காயில் தண்ணீரைக் கழித்துவிட்டால் மீதியில் முக்கால் பங்குவரை மாவுச்சத்துதான். பழுக்கப் பழுக்க அது சர்க்கரையாகிவிடும். காயின் மாவில் பெரும்பகுதி சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய் அங்குள்ள நல்ல நுண்ணுயிர்களுக்கு உணவாகும். இதை வைத்துத்தான் 'சர்க்கரை நோய்க்கு வாழைக்காய் நல்லது' என்கிறார்கள். சரி, ஆனால் பச்சையாக யார் தின்கிறார்கள்? வேகவைத்ததும் அந்த மாவில் பெரும்பங்கு எளிதில் செரிக்கும் சாதாரண மாவாகிவிடுகிறது. எண்ணெயில் பொரித்தால் கேட்கவே வேண்டாம்.

பழத்துக்கு அந்தப் பாசாங்கு இல்லை. 100 கிராமில் சுமார் 89 கலோரி, 12 கிராம் சர்க்கரை, 360 மில்லிகிராம் பொட்டாசியம். வைட்டமின் பி6 ஒரு நாள் தேவையில் ஏறக்குறைய கால் பங்கு கிடைக்கும். பொட்டாசியத்துக்குப் பேர்போனது பழம்தான் என்றாலும், தோலோடு வேகவைத்த உருளைக்கிழங்கிலும் ஏறக்குறைய அதே அளவு உண்டு.

அடுப்பங்கரையில் காய்தான் கெட்டிக்காரன். தனக்கென்று பெரிய ருசி இல்லாததால் போட்ட மசாலாவை எல்லாம் பிடித்துக்கொள்ளும். தோலோடு முக்கால் வேக்காடு வேகவைத்து, ஆறியபின் உரித்துத் துருவினால் குழையாது. பழத்தைச் சமைப்பதென்றால் தோல் கறுத்த, அளவுக்கு மீறிக் கனிந்ததே நல்லது. மாவில் பிசைந்து சுட்டால் சர்க்கரையைக் குறைத்துக்கொள்ளலாம். துண்டு போட்டு உறையவைத்து மிக்ஸியில் அடித்தால் பால் இல்லாமலே ஐஸ்கிரீம் பதம் வரும்.

பூ வேலை வாங்கும். மடலை உரித்து, ஒவ்வொரு பூவிலும் நடுவில் தலை தடித்து நிற்கும் கள்ளனையும், அடியில் கண்ணாடி போல ஒட்டியிருக்கும் செதிலையும் கிள்ளி எடுக்க வேண்டும். இரண்டும் வேகாது. உள்ளே போகப் போகப் பூ வெளுத்து இளசாகும். அந்தக் குருத்தை அப்படியே நறுக்கலாம். கையில் எண்ணெய் தடவாவிட்டால் கறை நகக்கண்ணில் தங்கிவிடும். நறுக்கியதை மோர் கலந்த தண்ணீரில் போட்டால் கறுப்பது குறையும். துவர்ப்புக்குக் காரணம் டானின். இரும்புச்சத்துக்காகப் பூவைத் தேடுகிறவர்கள் கவனிக்க வேண்டியது இதைத்தான்: டானின் இரும்பை உடம்பில் சேரவிடாமல் தடுக்கும். எலுமிச்சை பிழிந்துகொண்டால் கொஞ்சம் ஈடுகட்டலாம். இவ்வளவு பாடு எதற்கு என்றால், அந்தத் துவர்ப்புக்கும் கடிக்கையில் கிடைக்கும் சதைப்பற்றுக்கும்தான். அதற்கு மாற்றே இல்லை.

தண்டில் பெரும்பகுதி தண்ணீர், கலோரி சொற்பம். மேல் பட்டைகளை எல்லாம் உரித்தபின் கிடைக்கும் வெள்ளைத் தண்டை வில்லையாக நறுக்கும்போதே இழுபடும் நூலை விரலில் சுற்றி எடுத்துவிட வேண்டும். பூவோடு ஒப்பிட்டால் பாதி வேலைகூட இல்லை, சீக்கிரமும் வேகும். ருசியில் மட்டும் பூவுக்கு அடுத்ததுதான். சாறாகப் பிழிந்து வடிகட்டிக் குடிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. தண்டில் உருப்படியாக இருப்பது நார், அதையே சக்கையோடு எறிந்துவிடுகிறோம்.

சிறுநீரகக் கல்லைத் தண்டுச்சாறு கரைக்கும் என்பது பரவலான நம்பிக்கை. எலிகளிடம் செய்த சோதனைகள் ஓரளவு நம்பிக்கை தந்தாலும், மனிதர்களிடம் உறுதியான சான்று இல்லை. கல்லுக்கு நிறையத் தண்ணீர் குடிப்பது நல்லது என்பது மட்டும் நிச்சயம். சிறுநீரகச் செயல்பாடு குறைந்தவர்கள் பொட்டாசியத்தைக் கணக்குப் பார்த்துச் சாப்பிட வேண்டியிருக்கும். அவர்கள் பழமானாலும் காயானாலும் தண்டுச்சாறானாலும் மருத்துவரைக் கேட்டே அளவு வைத்துக்கொள்ள வேண்டும். காயை நறுக்கி நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்தால் பொட்டாசியம் ஓரளவு தண்ணீரோடு போய்விடும்.