மெர்காதியோ, மெர்காதோ, ராஸ்த்ரோ: ஸ்பெயினில் எதை எந்தச் சந்தையில் வாங்குவது?

ஸ்பெயினுக்கு வருகிறவர்கள் "இங்கே சந்தை எங்கே இருக்கிறது?" என்று கேட்டால் சட்டென்று பதில் சொல்ல முடியாது. எந்தச் சந்தை என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கும். வாரத்தில் ஒரு நாள் தெருவை அடைத்துக் கூடாரம் போட்டு, மதியத்துக்குள் மூட்டை கட்டிவிடும் மெர்காதியோ ஒன்று. ஊருக்கு நடுவே ஒரே கூரையின் கீழ் நிரந்தரக் கடைகளோடு இருக்கும் நகராட்சிச் சந்தையான மெர்காதோ இன்னொன்று. பழைய சாமான்களுக்கான ராஸ்த்ரோ மூன்றாவது. மூன்றுக்கும் போக்கு வேறு. தக்காளியை அமுக்கிப் பார்க்கலாமா, பேரம் பேசலாமா, கார்டு நீட்டலாமா என்பதெல்லாம் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

முதலில் பார்க்க வேண்டியது கிழமை. மெர்காதியோவுக்கு ஒவ்வொரு பேட்டையிலும் ஒரு நாள் உண்டு. வலென்சியாவில் திங்கள் என்றால் ருசாஃபா, வியாழன் என்றால் கபான்யால். வியாபாரிகளில் பலர் வேனை ஓட்டிக்கொண்டு நாளுக்கொரு ஊர் என்று சுற்றுகிறவர்கள். காலை ஒன்பது மணிக்குக் களை கட்டும், ஒன்றரைக்குக் கம்பிகளைக் கழற்றத் தொடங்குவார்கள், மூன்று மணிக்குப் போனால் நசுங்கிய பழங்களையும் அட்டைப் பெட்டிகளையும் துப்புரவு வண்டி அள்ளிக்கொண்டிருக்கும். மாலையில் வெயில் தாழப் போகலாம் என்று நினைத்தால் அவ்வளவுதான்.

இந்தக் கிழமைக் கணக்கு லேசில் மாறுவதில்லை. பாஸ்க் பகுதியிலுள்ள ஒர்திசியாவின் புதன்கிழமைச் சந்தை 1512-ல் கிடைத்த அரச உரிமையில் தொடங்கியது. மயோர்க்கா தீவின் சினேயு ஊரிலும் புதன்தான். அது இன்னும் இரண்டு நூற்றாண்டு பழையது. ஆடு, கோழி வரை விற்பனைக்கு வரும். அதே பாஸ்க் பகுதியிலுள்ள கெர்னிகாவுக்குத் திங்கள். உள்நாட்டுப் போரின் நடுவே, 1937 ஏப்ரல் 26-ல் ஜெர்மானிய, இத்தாலிய விமானங்கள் அந்த ஊரின் மேல் குண்டு பொழிந்ததும் ஒரு திங்கள்கிழமைதான். அந்த ஊரில் இன்றும் சந்தை நாள் திங்களேதான்.

மெர்காதோவுக்கு இந்தத் தொல்லை இல்லை. திங்கள் முதல் சனி வரை திறந்திருக்கும், ஞாயிறு விடுமுறை. வலென்சியாவின் மெர்காதோ சென்ட்ரால் காலை 7.30 முதல் மதியம் 3 வரை. ராஸ்த்ரோ இதற்கு நேர் எதிர்: மாட்ரிட்டில் ஞாயிறும் அரசு விடுமுறை நாட்களும்தான் அதன் நாட்கள். வார இறுதிக்கு மட்டும் வருகிறவர் சனியன்று மெர்காதோவையும் ஞாயிறன்று ராஸ்த்ரோவையும் வைத்துக்கொண்டால் இரண்டும் கிடைக்கும்.

காய், பழம்: யார் பொறுக்குவது?

விலையை மட்டும் பார்த்தால் மெர்காதியோதான். சூப்பர்மார்க்கெட்டை விடவும் பெரும்பாலும் குறைவாக இருக்கும். ஆனால் அந்தக் குறைவுக்குக் காரணம் உண்டு. ஸ்பெயினில் காய், பழத்தின் பலகையில் விலையோடு விளைந்த நாடும் தரப்பிரிவும் எழுதியிருக்க வேண்டும். மெர்காதோவில் பெரும்பாலும் முதல் தரம் அல்லது 'எக்ஸ்த்ரா'. மெர்காதியோவில் இரண்டாம் தரம் நிறைய வரும். கோணலான குடைமிளகாய், தோலில் கீறல் விழுந்த ஆரஞ்சு, நன்றாகப் பழுத்துவிட்ட தக்காளி. ருசியில் குறை இருக்காது, ஆனால் பல நாள் தாங்காது. இரண்டு நாளில் சமைத்துவிடுவீர்கள் என்றால் இதைவிட நல்ல இடமில்லை. ஒரு வாரத்துக்கு ஃபிரிட்ஜை நிரப்ப வேண்டுமென்றால் நான் மெர்காதோவுக்கோ சூப்பர்மார்க்கெட்டுக்கோதான் போகச் சொல்வேன்.

பலகையைப் படிப்பதிலும் கவனம் வேண்டும். பெரிய எழுத்தில் '1 யூரோ' என்றிருக்கும், பக்கத்தில் பொடியாக 'அரை கிலோ' என்றிருக்கும். அல்லது இரண்டு கிலோவுக்கான விலையை மட்டும் போட்டிருப்பார்கள். ஏமாற்று என்று சொல்ல முடியாது, ஆனால் கண்ணாடி இல்லாதவர் ஏமாறுவார்.

தொடுவது பெரிய விஷயம். மெர்காதோவில் அடுக்கி வைத்த பழத்தில் கை வைத்தால் கடைக்காரருக்குப் பிடிக்காது. நீங்கள் சொல்ல வேண்டும், அவர் எடுத்துத் தருவார். சந்தேகப்பட வேண்டியதில்லை, வழக்கமாக வருகிறவர்களை நம்பித்தான் அந்தக் கடை நடக்கிறது. முலாம்பழமோ அவகாடோவோ கேட்டால் "இன்றைக்கா, நாளைக்கா?" என்று கேட்பார். இன்றைக்கு என்றால் பழுத்தது, நாளைக்கு என்றால் சற்றே கெட்டியானது. சூப்பர்மார்க்கெட்டில் பிளாஸ்டிக் கையுறை மாட்டிக்கொண்டு நீங்களே பொறுக்கலாம். மெர்காதியோ இரண்டுக்கும் நடுவில்: சில கடைக்காரர்கள் பையை உங்கள் கையில் கொடுத்து எடுத்துக்கொள்ளச் சொல்வார்கள், சிலர் விடமாட்டார்கள். முன்னால் நிற்பவர் என்ன செய்கிறார் என்று பார்த்துச் செய்வதே நல்லது.

பருவத்தை நம்புங்கள். ஏப்ரல், மே மாதங்களில் அலிகாந்தே பக்கத்துக் கயோசாவிலிருந்து வரும் நிஸ்பெரோ என்னும் லோக்வாட் பழம், கோடையில் தட்டையான பாராகுவாயோ பீச்சும் பச்சைத் தோல் முலாம்பழமும், அக்டோபருக்கு மேல் சீமைப் பனிச்சைப் பழமான காக்கி, குளிர்காலத்தில் ஆரஞ்சும் பெனிகார்லோ ஆர்ட்டிசோக்கும். இவை குவிந்து கிடக்கும் வாரங்களில் மெர்காதியோவை விலையில் யாரும் அடிக்க முடியாது. ஜனவரியில் செர்ரி தேடினால் விலையும் ருசியும் இரண்டுமே ஏமாற்றும். வெண்டைக்காய், கொத்தமல்லி, காரமான பச்சைமிளகாய் எல்லாம் வேண்டுமென்றால் வழக்கமான கடைகளில் நேரத்தை வீணாக்க வேண்டாம். மொராக்கோக்காரர்களும் தென்னமெரிக்கர்களும் நடத்தும் கடைகளைத் தேடுங்கள்.

ஊறுகாய்க் கடை மட்டும் இரண்டு சந்தையிலும் நின்று பார்க்கத் தக்கது. பெரிய தொட்டிகளில் ஆலிவ் வகைகள், குச்சியில் குத்திய வெங்காயமும் மிளகாயும், அல்மாக்ரோவின் குட்டிக் கத்தரிக்காய் ஊறல். இங்கே ருசி பார்க்கத் தயங்காமல் கேட்கலாம். பெரும்பாலும் அவர்களே ஒன்றை நீட்டிவிடுவார்கள். அளவு சொல்லும்போது 'குவார்த்தோ இ மித்தாத்' என்று பக்கத்திலிருப்பவர் கேட்பது காதில் விழும். அது காலே அரைக்கால் கிலோ, 375 கிராம்.

மீன் வாங்க மெர்காதோதான்

இதில் ஒப்பிடவே ஒன்றுமில்லை. மெர்காதியோவில் உப்புக் கருவாட்டு வண்டி வரும், சுட்ட கோழி வண்டி வரும், பச்சை மீனுக்கு மெர்காதோதான்.

வலென்சியாவின் மெர்காதோ சென்ட்ரால் 1928-ல் திறந்தது. ஓடுகளும் இரும்பும் வண்ணக் கண்ணாடியுமாக, எதிரே இருக்கும் பழைய பட்டு வணிக மாளிகையோடு போட்டி போடும் கட்டடம். அதை அண்ணாந்து பார்த்துப் படமெடுத்துவிட்டுத் திரும்புகிறவர்கள்தான் அதிகம். மீன் பக்கம் போய்க் கொஞ்ச நேரம் நில்லுங்கள். வரிசை என்று எதுவும் கண்ணுக்குத் தெரியாது, பெண்மணிகள் அங்கங்கே தள்ளுவண்டிப் பையோடு நிற்பார்கள். புதிதாக வருகிறவர் "யார் கடைசி?" என்று பொதுவாகக் கேட்பார். ஒரு கை உயரும், "நான்தான்". அவ்வளவுதான், அவருக்கு அடுத்து நீங்கள். அப்புறம் அந்த அம்மா வேறு கடைக்குப் போய் முட்டை வாங்கிக்கொண்டு வந்தாலும் அவர் முறை அவருடையதே. இதைக் கேட்காமல் நேராக முன்னால் போய் நின்றால் சுற்றியுள்ளவர்கள் சும்மா விடமாட்டார்கள். சில கடைகளில் எண் சீட்டு உண்டு, அங்கே இந்தப் பேச்சில்லை.

உங்கள் முறை வந்ததும் மீன்காரர் அம்மா "சொல்லுங்க ராணி" என்று ஆரம்பிப்பார். ராணி, அழகி, செல்லம் என்று யாரையும் கூப்பிடுவார்கள், வயது வித்தியாசமே கிடையாது. எத்தனை கிராம் என்பதோடு விடமாட்டார்: வறுக்கவா, அடுப்பில் வேகவைக்கவா, சூப்புக்கா? அதற்கேற்ப செதில் தேய்த்து, குடல் எடுத்து, முள்ளை நீக்கி, துண்டு போடுவார். இதற்குத் தனிக் காசு இல்லை. தலையும் முள்ளும் உங்களுடையவை, சூப்புக்கு வேண்டும் என்றால் தனிப் பையில் போட்டுத் தருவார். கடைசியில் கேட்காமலே ஒரு கொத்து பார்ஸ்லி உள்ளே விழும், நம்மூர்க் காய்கறிக் கடையில் கறிவேப்பிலை கொசுறு விழுவதைப் போல. சூப்பர்மார்க்கெட்டிலும் மீன் பிரிவு இருக்கிறது, சுத்தம் செய்தும் தருவார்கள். ஆனால் எதை எப்படிச் சமைத்தால் நன்றாக இருக்கும் என்ற அந்தப் பேச்சு கிடைக்காது.

ஒரே ஒரு எச்சரிக்கை: திங்கட்கிழமை மீன் வாங்காதீர்கள். ஞாயிறு படகுகள் கடலுக்குப் போவதில்லை. பல மீன் கடைகள் திங்களன்று திறப்பதே இல்லை. திறந்திருந்தாலும் முந்தைய வாரத்து மீனாக இருக்கலாம்.

பன்றித்தொடை ஹாமோனுக்கும் மெர்காதோவே நல்லது. இபேரிகோ இனப் பன்றியின் வகையில் 2014 முதல் நான்கு நிறச் சீட்டுகள்: கறுப்பு என்றால் முழு இபேரிகோ இனம், ஓக் கொட்டை தின்று வளர்ந்தது, சிவப்பு என்றால் கலப்பினம், அதே தீனி, பச்சையும் வெள்ளையும் அதற்குக் கீழே. மெர்காதோ கடைக்காரர் தொடையைத் தொங்கவிட்டிருப்பார், சீட்டைப் பார்த்து வாங்கலாம். மெர்காதியோ வண்டியில் துண்டு போட்டு அடைத்த பொட்டலத்தில் நிறம் எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

துணிமணி

இங்கே நிலைமை தலைகீழ். மெர்காதோவில் துணி கிடையாது, மெர்காதியோவில் பாதி துணிதான். உள்ளாடை, காலுறை, படுக்கை விரிப்பு, வீட்டில் போடும் கவுன், கயிற்று அடிச் செருப்பு. பல கடைகள் ஸ்பெயினின் ரோமா சமூகத்தவரான ஜித்தானோ குடும்பங்கள் தலைமுறையாக நடத்துபவை, வண்டிமேல் நின்று "மூணு யூரோ, மூணு யூரோ!" என்று கூவும் குரல் அடுத்த தெரு வரை கேட்கும். குவியலுக்குள் கையை விட்டுக் கிளற வேண்டும். பெரிய நிறுவனங்களின் மிச்சச் சரக்கும், தையல் பிசகிய ஆலைச் சரக்கும் அதற்குள் இருக்கும். தையலையும் ஜிப்பையும் அங்கேயே இழுத்துப் பாருங்கள். போட்டுப் பார்க்க வேனுக்குப் பின்னால் ஒரு திரை இருந்தால் அதிர்ஷ்டம்.

மாற்றித் தருவார்களா? புதுப் பொருள்களுக்கு 2022 ஜனவரி 1 முதல் மூன்று ஆண்டு சட்ட உத்தரவாதம் உண்டு, ஆனால் அது பொருளில் குறை இருந்தால்தான். பிடிக்கவில்லை, அளவு சரியில்லை என்று திருப்பித் தருவதைப் பெரிய கடைகள் தாமாகவே ஏற்கின்றன, சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. மெர்காதியோவில் ரசீது கேட்டு வாங்குவது அரிது. ஆனாலும் நகராட்சி ஒவ்வொருவருக்கும் ஓர் இடத்தை ஒதுக்கியிருப்பதால் அடுத்த வாரம் அதே மூலையில் அதே ஆள் இருப்பார். அளவு மாற்றித் தரச் சொன்னால் பெரும்பாலும் மறுப்பதில்லை. ஒரு நாள் சுற்றுலாவில் வந்தவருக்கு இந்த வசதி இல்லை. சில்லறைக் காசும் எடுத்துச் செல்லுங்கள். கைபேசியில் பணம் அனுப்பும் பிசும் இப்போது பல கடைகளில் ஓடுகிறது, ஆனால் அதற்கு ஸ்பெயின் வங்கிக் கணக்கு வேண்டும்.

கடற்கரையில் துணியை விரித்துப் போலிப் பைகள் விற்கும் 'தோப் மாந்தா'வை இதோடு குழப்ப வேண்டாம். உரிமம் இல்லாத விற்பனை அது, போலீஸைக் கண்டதும் நான்கு முனையிலும் கட்டிய கயிற்றை இழுத்துக்கொண்டு ஓடிவிடுவார்கள்.

பேரம் எங்கே பேசலாம்

மெர்காதோவில் பேசக் கூடாது. மெர்காதியோவில் காய்க்குப் பேச மாட்டார்கள், துணியில் இரண்டு மூன்று எடுத்தால் சில்லறையைக் கழித்துத் தருவார்கள். கடை கட்டும் நேரத்தில் பழப்பெட்டியை மொத்தமாகத் தள்ளிவிடுவார்கள், அதற்குப் பேரமே தேவையில்லை. முழுப் பேரத்துக்கான இடம் ராஸ்த்ரோ.

மாட்ரிட்டின் ராஸ்த்ரோ காஸ்கோர்ரோ சதுக்கத்தில் தொடங்கி ரிபேரா தெ குர்த்திதோரேஸ் தெருவில் சரிவாக இறங்குகிறது. பெரும்பாலோர் அந்தச் சரிவிலேயே ஜோல்னாப்பையும் டி ஷர்ட்டும் பார்த்துவிட்டு ஏமாற்றத்தோடு திரும்புகிறார்கள். பழைய பொருள்கள் பக்கத்தில்தான்: வாரா தெல் ரெய் சதுக்கம், கலேரியாஸ் பிகேரின் முற்றம். கீழே காம்பியோ சதுக்கத்தில் ஆல்பத்தில் ஒட்டும் படச்சீட்டுகள் மாற்றிக்கொள்ள அப்பாவும் பிள்ளையும் பட்டியலோடு உட்கார்ந்திருப்பார்கள். பத்து மணிக்கு முன் போனால் நடக்கலாம், பன்னிரண்டுக்குப் பின் மிதந்துதான் போக வேண்டும். பர்ஸை முன்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பார்சிலோனாவின் பழம்பொருள் சந்தையான எல்ஸ் என்கான்ட்ஸ் வேறு மாதிரி. 2013-ல் கண்ணாடிபோல் பளபளக்கும் பெரிய கூரையின் கீழ் இடம் மாறியது. திங்கள், புதன், வெள்ளி, சனி. முதல் மூன்று நாட்களிலும் அதிகாலையில் காலியான வீடுகளின் சாமான்கள் மொத்தமாக ஏலம் போகும், வாங்கியவர் அங்கேயே தரையில் பரப்பி விற்பார். நிஜமாகப் பழம்பொருள் வேட்டைக்கு வருகிறவருக்கு ராஸ்த்ரோவைவிட இதுவே மேல். ராஸ்த்ரோவுக்குப் போவது பாதி வேடிக்கைக்கும், மீதி, எல்லாம் முடிந்தபின் பக்கத்துப் பேட்டையான லா லத்தீனாவில் தபாஸ் என்னும் சிறு தின்பண்டங்கள் சாப்பிடுவதற்கும்.

கடைசியாக, மாட்ரிட்டின் சான் மிகேல் சந்தை. 1916-ன் அழகான இரும்புக் கட்டடம், 2009-லிருந்து தின்பண்டக் கூடம். அங்கே சமையலுக்கு வாங்க ஒன்றுமில்லை, ஒரு கிளாஸ் வெர்முத் மதுவோடு வெளியே வந்துவிடலாம். பார்சிலோனாவின் போகேரியா சந்தையில் நுழைவாயிலை ஒட்டிய பழரசக் கடைகளைத் தாண்டிப் பின்பக்கம் போனால் உள்ளூர்க்காரர்கள் வாங்கும் கடைகள் இன்னும் இருக்கின்றன. ஆகஸ்டில் எந்தச் சந்தைக்குப் போனாலும் பாதி ஷட்டர் இறங்கியிருக்கும். ஊர்த் திருவிழா நாட்களில் மெர்காதியோ ரத்தாகலாம், இடம் மாறலாம். முந்தின நாள் நகராட்சி இணையதளத்தில் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.