ரிசைனா, ரிலிங்க்விஷா: பெரியப்பா கடிதத்துக்கு ஒரு வினைச்சொல்

அம்பாசமுத்திரத்தில் இருக்கும் என் பெரியப்பா, எங்கள் குடும்பத்து அன்னதானக் கட்டளையின் பொறுப்பைச் சென்ற தை மாதம் சித்தப்பா மகனிடம் ஒப்படைத்தார். 'பொறுப்பிலிருந்து விலகிக்கொள்கிறேன்' என்று தமிழில் அவரே கடிதம் எழுதிவிட்டார். வெளிநாட்டில் வளர்ந்து, தமிழ் வாசிக்கத் தெரியாத பங்காளிப் பிள்ளைகளுக்காக அதை ஆங்கிலமாக்கும் வேலை, பாளையங்கோட்டையில் மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட என்னிடம் வந்தது. 'விலகிக்கொள்கிறேன்' என்ற அந்த ஒரு சொல்லுக்கே இரண்டு நாள் ஆயிற்று. முடிவில் 'ரிலிங்க்விஷ்' (relinquish) என்று எழுதினேன்; இன்று கேட்டாலும் அதையே எழுதுவேன்.

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது 'ரிசைன்'. குறையில்லாத சொல்தான், ஆனால் அதற்கு எதிர்முனையில் ஓர் ஆள் வேண்டும். 1974 ஆகஸ்ட் 9 அன்று அமெரிக்க அதிபர் நிக்சன் கொடுத்த ஒற்றை வரி ராஜினாமாகூட வெளியுறவு அமைச்சர் கிஸிஞ்சரின் முகவரிக்குத்தான் போயிற்று. நம் குடியரசுத் தலைவர் விலகினால் துணைத் தலைவருக்கு எழுத வேண்டும். சட்டமன்ற உறுப்பினர் எழுதிக் கொடுத்தாலோ, சபாநாயகர் ஏற்ற பிறகே இடம் காலியாகும். எங்கள் கட்டளையில் மூத்தவர் பெரியப்பாதான். அவருக்கு மேலே கடிதத்தை வாங்கி 'ஏற்றுக்கொண்டேன்' என்று கையெழுத்திட யாரும் இல்லை. 'ஸ்டெப் டவுன்' பத்திரிகைச் செய்திக்குப் பொருந்தும், ஆவணத்துக்கு ஒட்டாது.

'அப்டிகேட்' (abdicate) முடி துறப்பவர்களுக்கு உரியது என்று பொதுவாகச் சொல்வார்கள். அதில் கடமையைக் கைகழுவிய வாடையும் உண்டு. இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஜேம்ஸ் 1688 டிசம்பரில் பிரான்சுக்கு ஓடியபோது, அவர் 'அப்டிகேட்' செய்துவிட்டதாக அந்நாட்டு மக்களவை தீர்மானித்தது. பிரபுக்கள் அவையோ 'விட்டு ஓடினார்' என்ற பொருளுள்ள சொல்லே போதும் என்று வாதாடி, 1689 பிப்ரவரியில்தான் இறங்கிவந்தது. இதைப் பெரியப்பாவிடம் சொன்னபோது, "ஏல, நான் என்ன ஓடியா போறேன்? சாவியைத்தானல கொடுக்கேன்!" என்றார். அந்தச் சொல்லை அங்கேயே அடித்துவிட்டேன்.

'ரினவுன்ஸ்' (renounce) என்னைக் கொஞ்சம் மயக்கியது. பிரிட்டிஷ் மன்னர் எட்டாம் எட்வர்டு 1936 டிசம்பர் 10 அன்று கையெழுத்திட்ட ஆவணத்தின் தலைப்பில் இருப்பது 'அப்டிகேஷன்', ஆனால் உள்ளே வரும் வினை 'ரினவுன்ஸ்'. தனக்கும் தன் வழித்தோன்றல்களுக்குமாக அரியணையைத் துறப்பதாக, மாற்ற முடியாத முடிவாக, அதில் எழுதியிருக்கிறார். என்னைத் தடுத்ததும் அந்த வழித்தோன்றல்கள்தான். எங்கள் கட்டளை முறை வைத்து நடப்பது; சித்தப்பா மகனுக்குப் பிறகு பெரியப்பாவின் மகனுக்கே முறை வரும். இனி வேண்டாம் என்று அறிவித்து உறவை அறுக்கும் ஒரு வினையை அங்கே வைத்தால், நாளை யாராவது அதைப் பிடித்துக்கொண்டு அந்தப் பிள்ளையின் முறையைக் கேள்வி கேட்கலாம்.

நிலப்பரப்பை இன்னொருவருக்கு விட்டுக்கொடுப்பதற்குத்தான் 'சீட்' (cede); ஹைதராபாத் நிஜாம் 1800இல் கிழக்கிந்தியக் கும்பினிக்குக் கொடுத்த சீமையைச் 'சீடட் ஜில்லா' என்றது அதனால்தான். 'சரண்டர்' என்றால் எனக்கு எல்.ஐ.சி. பாலிசிதான் நினைவுக்கு வருகிறது.

'ரிலிங்க்விஷ்' என்பதன் லத்தீன் வேர் 'விட்டுச் செல்வது'. இத்தனை நாள் பிடித்திருந்த ஒன்றிலிருந்து கையை எடுப்பது மட்டுமே அதில் இருக்கிறது. எதிரில் ஒருவர் ஏற்க வேண்டியதில்லை, பிள்ளைகளை இழுப்பதில்லை, பழியும் சுமத்துவதில்லை. விட மனமில்லாமல் விடுகிற சாயல் அதற்கு உண்டு என்பார்கள். இடுப்புச் சாவிக்கொத்தை அவிழ்க்க அன்று பெரியப்பா எடுத்துக்கொண்ட நேரத்தைப் பார்த்தவன் என்ற முறையில், அதை நான் குறையாக நினைக்கவில்லை.

அதற்கும் ஒரு தொல்லை உண்டு. சொத்தில் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்துக்கும் ஆங்கிலத்தில் இதே சொல் வரும். கடிதம் போன மறுநாளே, பெரியப்பா நஞ்சையில் தன் பங்கையும் விட்டுவிட்டாரா என்று ஒரு பங்காளி போனில் கேட்டார். ஆகவே எதை விடுகிறோம் என்பதை அதே வாக்கியத்தில் எழுதியாக வேண்டும். 'நிர்வாகத்தை மட்டும்' என்று சேர்த்து மறுபடி அனுப்பினேன். ஒரே ஒரு குடும்பக் கடிதத்தை வைத்து இவ்வளவும் சொல்கிறேன்; தினமும் பத்திரம் எழுதுபவர் வேறு சொல்லைக் காட்டினால் கேட்டுக்கொள்வேன்.

உக்கிராண அறைச் சாவி மட்டும் இன்னும் பெரியப்பா இடுப்பிலேயே இருக்கிறது. ஆடி அமாவாசை முடியட்டும் என்கிறார்.